பதவியில்லாதவர் வாசலில் கூட்டம் ஏன்?

அன்புள்ள கயல்,

எந்தப் பதவியிலும் இல்லாத ஒருவர் வீட்டு வாசலில் நம் தெருக்காரர்கள் காலையிலேயே ஏன் நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

அவர்கள் கையைக் கவனி. நாலாக மடித்த மனு, ரேஷன் அட்டை நகல். முதியோர் பென்ஷன், எரியாத தெருவிளக்கு, அடைபட்ட வாய்க்கால் என்று கேட்பதெல்லாம் உரிமையாகக் கிடைக்க வேண்டியவைதான். ஆனால் மனு மட்டும் போனால் மேசையில் கிடக்கும். அந்த வீட்டுக்காரர் ஒரு போன் போட்டால் நகரும். உரிமை உதவியாகிவிடுகிறது. உதவி பெற்றவர் தேர்தலில் நன்றிக்கடன் தீர்க்கிறார். அரசியல் செல்வாக்கின் வேர் இதுதான்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் உட்கார்ந்திருப்பது, உள்ளாட்சி உறுப்பினர்கள் இல்லாமல் காலியாகக் கிடந்த இடத்தில். பிரெஞ்சு ஆட்சி 1880இலேயே இங்கே, காரைக்காலிலும் புதுச்சேரியிலும், கொம்யூன் எனும் உள்ளாட்சி மன்றங்களை ஏற்படுத்தியது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடி வாக்களித்த 178 பேரில் புதுச்சேரி, காரைக்கால் நகராட்சி உறுப்பினர்களும் உண்டு. 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள்; 8 பேர் மறுத்தார்கள். நம்மை இந்தியாவோடு சேர்த்ததில் அந்த உள்ளூர் உறுப்பினர்களின் கையும் உண்டு! அப்படிப்பட்ட பதவிக்கு 1968இல் நடந்த தேர்தலுக்குப் பிறகு, உச்ச நீதிமன்றம் தலையிட்டு 2006இல்தான் மறுபடி தேர்தல் வந்தது. 38 ஆண்டுகள். 2011இல் அதில் வென்றவர்களின் காலமும் முடிந்தது. பிறகு பத்தாண்டுக்கு மேலாகியும் தேர்தல் இல்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். காரைக்கால் நகராட்சியும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் அதிகாரிகள் கையில். மக்கள் யாரைப் போய்க் கேட்பார்கள்?

தேர்தலில் வராத செல்வாக்கெல்லாம் கெட்டது என்று நினைத்துவிடாதே. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக் கிராமங்களில் நிவாரணத்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததில் ஊர் வழக்கப்படி அமையும் மீனவப் பஞ்சாயத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. ஊர் அவர்களை நம்பியது, அவர்கள் சொல் நின்றது. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவதில்லை. ஆண் துணையில்லாத வீட்டுக்காக அங்கே யார் பேசுவார்கள்? ஒருவருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் வாசலுக்கு வர முடியாதவர் யார் என்று முதலில் பார்.

உனக்குச் சீக்கிரம் 18 வயதாகிறது. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிடு. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதே. ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும் உள்ளாட்சித் தேர்தல் எப்போது என்று கேள். பதில் வரும்வரை விடாதே.

அன்புடன்,
மாமா