பொது டிராக்டரின் பாட்டரி: மின்னேற்றமும் பராமரிப்பும்

சங்கத்தின் பொதுச்சொத்தாகிய டிராக்டர், உழவு முடிந்தபின் கொட்டகையில் நின்றுவிடுகின்றது. சில திங்கள் கழித்து வெளியே எடுக்குங்கால் கிளம்ப மறுக்கின்றது. புதிய பாட்டரி வாங்க அங்கத்தினர் மீண்டும் பணம் கட்டுகின்றனர். பழுது பெரும்பாலும் பாட்டரியினுடையதன்று. அதனை வெறுமையாக விட்டுவைத்தோருடையது.

1859-ம் ஆண்டில் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாந்தே கண்டறிந்த ஈயப் பாட்டரியின் வழிவந்ததே இது. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஈயத்தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். மின்சாரம் செலவாகுங்கால் திராவகத்தின் ஒரு பகுதி தகடுகளில் வெள்ளுப்பாகப் படிகின்றது. மின்னேற்றுங்கால் அது மீண்டும் திராவகமாகின்றது. செலவான நிலையிலேயே பல வாரம் கிடந்தால் அவ்வுப்பு இறுகிவிடும். பிறகு முழுமையாகக் கரையாது. சும்மா வைத்திருக்கும் பாட்டரியும் தானே சிறிது சிறிதாக மின்சாரத்தை இழக்கும். வெயிற்காலத்தில் இன்னும் விரைவாக. ஆகையால் நிறுத்திவைக்கும்போது எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சோதித்தறிக.

சோதிக்க ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாய் போதும். திராவகத்தை அதனுள் உறிஞ்சினால் மிதவை அளவு காட்டும். 1.265 அளவில் நின்றால் நிறைவு, 1.225-க்குக் கீழிறங்கினால் உடனே மின்னேற்ற வேண்டும். ஓர் அறை மட்டும் ஏனையவற்றினும் 0.050 குறைந்து காட்டுமாயின் அவ்வறை பழுதென்று ஐயுறலாம். நீர் ஊற்றியவுடன் அளக்கலாகாது. கலக்காத நீர் பொய் காட்டும்.

80 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 8 ஆம்பியர், அஃதாவது பத்திலொரு பங்கு வேகம் போதுமானது. அவசரப்பட்டு மிகுதியாக ஏற்றினால் தகடுகள் சூடேறி வளையும். மணிக்கொருமுறை அளந்து, மூன்று முறை அளவு உயராதிருந்தால் ஏற்றம் முடிந்ததெனக் கொள்க. அப்பொழுது குமிழியிட்டு வெளிவருவது ஹைட்ரஜன் வாயு. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். எனவே கதவுகளைத் திறந்துவைத்தல் வேண்டும். பீடிக்கும் தீக்குச்சிக்கும் அங்கு இடமில்லை.

குறையும் நீருக்கு வாலைநீரே ஊற்றத்தக்கது. கிணற்றுநீரின் உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுக்கும். திராவகம் சேர்ப்பதும் தவறு. வற்றியது நீரேயன்றித் திராவகமன்று. தகடுகள் வெளித்தெரிந்தால் அவை மூழ்குமளவு மட்டும் முதலில் ஊற்றி, மின்னேற்றியபின் குறி வரை நிரப்புக. ஏற்றத்துக்குமுன் நிரப்பினால் வழிந்துவிடும். திறவாத மூடியுடைய பாட்டரிகளுக்கு இவ்விதி பொருந்தாது. அவற்றைத் திறக்க முயலற்க.

முனைகளிற் பூக்கும் பொடியைச் சமையற்சோடா கரைத்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் வாசலீன் தடவுக. சோடாநீர் அறைக்குள் ஒரு துளியும் இறங்கலாகாது.