கொக்கிப்புழு நம் இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பது எவ்வாறு?

"மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டும் ஹீமோகுளோபின் உயரவில்லையே, ஏன்?" புறநோயாளர் பிரிவில் குடும்பத்தினர் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. காரணங்கள் பல உண்டு. அவற்றுள் எளிதில் தீர்க்கத்தக்கதாயினும் எளிதில் மறக்கப்படுவது, சிறுகுடலில் வாழும் கொக்கிப்புழு.

ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமே உள்ள இப்புழு குடற்சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகிறது. விரலில் முள் கீறினால் சில நிமிடங்களில் இரத்தம் உறைந்துவிடுகிறது. புழு கவ்விய இடத்தில் மட்டும் அது ஏன் உறைவதில்லை? 1904ஆம் ஆண்டிலேயே, நாய்க் கொக்கிப்புழுவின் சாறு இரத்தம் உறைவதைத் தடுப்பதை லோப், ஸ்மித் என்னும் இரு ஆய்வாளர்கள் கண்டனர். அதற்குக் காரணமான புரதங்கள் 1990களில்தான் பிரித்தெடுக்கப்பட்டன.

இரத்தம் உறைதல் என்பது, புரதங்களை வெட்டும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டிச் செல்லும் தொடர்வினை. காயம் ஏற்பட்டதும் அங்கு வெளிப்படும் திசுக் காரணியுடன் 7ஏ காரணி இணைகிறது. இவ்விணை 10ஆம் காரணியை வெட்டி 10ஏ ஆக்குகிறது. 10ஏ புரோத்திராம்பினை வெட்டித் திராம்பினாக்குகிறது. திராம்பின், இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் இழைகளாக மாற்ற, அவ்விழைகள் வலைபோல் பின்னிக் காயத்தை அடைக்கின்றன.

நாய்க் கொக்கிப்புழுவின் புரதங்களுள் ஒன்று, 10ஏ நொதியின் வெட்டும் பள்ளத்திலேயே சென்று அமர்ந்துகொள்கிறது. வெட்டப்பட வேண்டிய புரதத்தைப் போலவே தோற்றமளிப்பதால் நொதி அதைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் வெட்டி விடுவிக்க இயலாமல் நிற்கிறது. பூட்டுக்குள் முறிந்த சாவி சிக்கிக்கொண்டால் உரிய சாவி நுழையாதல்லவா, அதைப் போன்றது இது. மற்றொரு புரதத்தின் வழி இன்னும் வியப்பானது. அது 10ஆம் காரணியையோ 10ஏ காரணியையோ வேறோர் இடத்தில் பற்றிக்கொண்டு, அதனுடன் சேர்ந்து சென்று, திசுக் காரணியோடு இணைந்த 7ஏ நொதியை முடக்குகிறது. நம் உடலின் புரதத்தைத் துணைக்கொண்டே நம் உடலின் நொதியைத் தடுக்கிறது என்பதே இதன் பொருள். மனிதரைத் தாக்கும் ஆன்சைலோஸ்டோமா இனங்களிலும் இவற்றை ஒத்த புரதங்கள் கண்டறியப்பட்டுள்ளன.

இதனால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுப் பாருங்கள். புழு அவ்வப்போது இடம் மாறிக் கவ்வுகிறது. விட்டு நீங்கிய காயமும் சிறிது நேரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆன்சைலோஸ்டோமா டியோடெனேல் என்னும் இனத்தில் ஒரு புழுவால் நாளொன்றுக்குச் சுமார் 0.15 முதல் 0.2 மில்லிலிட்டர் இரத்தம் இழக்கப்படுகிறது. நூறு புழுக்கள் இருப்பின் 15 மில்லிலிட்டர். அதிலுள்ள இரும்பு ஏறத்தாழ 7 மில்லிகிராம். ஒரு பகுதி குடலிலேயே மீண்டும் உறிஞ்சப்படும் என்றாலும், அன்றாட உணவிலிருந்து உடல் ஏற்பது 1 முதல் 2 மில்லிகிராம் அளவே. மாத்திரை பயனற்றது என்று இதற்குப் பொருளல்ல. அதை நிறுத்திவிட வேண்டாம். ஒருபுறம் நிரப்ப மறுபுறம் கசிகிறது என்பதே செய்தி.

ஆகவே மலப் பரிசோதனையை மருத்துவர் பரிந்துரைத்தால் கூச்சப்பட வேண்டியதில்லை. ஆல்பெண்டசோல் மருந்து இப்புரதத்தை எதிர்ப்பதில்லை, புழுவையே அழிக்கிறது. புழு நீங்கியதும் காயங்கள் தாமாகவே ஆறிவிடும். கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இம்மருந்தைத் தவிர்ப்பது வழக்கம் என்பதால், கருவுற்றிருப்போர் அதனை முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும். புழுவின் இளம்பருவம் ஈரமண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைவதால், சிகிச்சைக்குப் பின்னும் செருப்பின்றி நடந்தால் மீண்டும் தொற்றக்கூடும்.

தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு இம்மாத்திரை வழங்கப்படுகிறது. அதே வீட்டில் வயல் வேலைக்குச் செல்லும் தாய்க்கு அது கிடைக்காமல் போகலாம். சோர்வும் மூச்சிரைப்பும் அவருக்கு இருப்பின், அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.