கடன்பட்ட உழவரும் கச்சேரி மேடையும்

1970களில் நிலவிலை ஏறிய காலத்தில் கடன் வாங்கிய அமெரிக்கக் குடும்ப உழவர்கள், பின்னர் வட்டி உயர்ந்து நிலவிலை சரிந்ததால் தத்தம் நிலங்களை ஏலத்தில் இழந்தனர். (ஏலம் என்ற சொல்லின் கொடுமையை என் போன்ற உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.)

இவர்களுக்காகப் பாடகர்கள் வில்லி நெல்சன், நீல் யங், ஜான் மெல்லன்காம்ப் ஆகியோர் 1985 செப்டம்பர் 22 அன்று இல்லினாய் மாநிலத்துச் சாம்பெய்ன் நகரில் 'ஃபார்ம் எய்ட்' இசைவிழாவை நடத்தினர். திரண்ட நிதி 70 லட்சம் டாலருக்கு மேல். உழவர்களின் மொத்தக் கடனோ ஏறத்தாழ 20,000 கோடி டாலர்! பாட்டுப் பாடி அதை அடைக்க இயலுமா?

ஆனால் விழாவின் மெய்யான வருவாய் வேறு என்பேன். நெல்சனும் மெல்லன்காம்பும் உழவர்களையே நாடாளுமன்றத்திற்கு அழைத்துச் சென்று பேச வைத்தனர். 1987இல் வேளாண் கடன் சட்டம் நிறைவேறியது. ஏலம் விடுவதைவிடக் கடனைத் திருத்தியமைப்பது செலவு குறைவாயின், வேளாண் கடன் நிறுவனங்கள் திருத்தியமைத்தே ஆக வேண்டும் என்றது அச்சட்டம்.