நீச்சல் குளத்தில் ஒப்படைக்கும் அமானிதம்

விடுமுறை வந்தால் பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கிறோம். கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்கிறோம். கற்றுக்கொடுப்பவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1996 வாக்கில் பாப் போமேன் என்ற பயிற்சியாளரிடம் மைக்கேல் ஃபெல்ப்ஸ் வந்து சேர்ந்தான். வயது 11. பெற்றோர் பிரிந்துவிட்ட வீடு. ஓரிடத்தில் உட்காராத பையன். கவனக்குறைபாடு இருப்பதாக மருத்துவர்களும் சொல்லியிருந்தார்கள். போமேன் கண்டிப்புக்குப் பெயர் போனவர். ஆனாலும் அவர் தாயையும் தந்தையையும் அழைத்து உட்காரவைத்து, இவன் எந்த ஆண்டில் எந்த நிலைக்கு வரக்கூடும் என்று விளக்கிச் சொன்னார். நான் இந்த விஷயத்தில் பெரிதாக எண்ணுவது இதைத்தான். 2000இல் 15 வயதில் அவன் சிட்னி ஒலிம்பிக்கில் நீந்தினான். பதக்கம் இல்லை, ஐந்தாம் இடம்.

ஒருமுறை ஆஸ்திரேலியாவில் ஒரு போட்டிக்கு முன் போமேன் அவனுடைய நீச்சல் கண்ணாடியை வேண்டுமென்றே மிதித்து விரிசல் விடச் செய்தார். குதித்ததும் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கைவீச்சுகளை எண்ணியே நீந்தி முடித்தான். இது என்ன கொடுமை என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப்போட்டியில் உண்மையாகவே கண்ணாடி தண்ணீரால் நிறைந்து கண் தெரியாமல் போனது. அன்றும் எண்ணியே நீந்தினார். 1 நிமிடம் 52.03 விநாடி, உலக சாதனை. அந்த ஒலிம்பிக்கில் மட்டும் 8 தங்கம்.

இதே அதிகாரம் வேறொருவர் கையில் என்ன செய்யும்? 1988 சியோல் ஒலிம்பிக்கில் பிரிட்டன் நீச்சல் அணியின் பயிற்சியாளராக இருந்த பால் ஹிக்சன், தம்மிடம் கற்ற பதின்வயதுப் பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 1995இல் 17 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அணியில் யார் இடம்பெறுவது என்பது பயிற்சியாளர் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை துணிந்து வாய் திறக்கும்? அவர்களின் பெற்றோரும் நம்பித்தான் அனுப்பினார்கள். விளையாட்டில் குழந்தைகளைப் பாதுகாக்கவென்றே ஒரு தனிப் பிரிவு 2001இல்தான் அந்நாட்டில் தொடங்கியது.

ஆகவே சேர்க்கும் முன் கேளுங்கள். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க இடமுண்டா? உடை மாற்றும் அறையில் பெரியவர்கள் நுழைவார்களா? பயிற்சியாளர் பிள்ளைக்குத் தனியே செய்தி அனுப்புவாரா? நேற்றுவரை ஆசையாகப் போன பிள்ளை இன்று போகமாட்டேன் என்றால், கட்டிய பணத்தை நினைத்து அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேளுங்கள்.