குறைக்காமலே குறையும் வீட்டு மானியம்

(டிப்ளமோ இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணம் இருக்கட்டும். வீட்டைக் கட்டிப் பார்த்த கதை எங்கள் குடும்பத்தில் உண்டு. பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். எஸ்டிமேட் பாடம் படித்த தைரியத்தில் எங்கள் வீட்டுக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அதில் தெரிந்ததை நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

திட்டம் என்ன சொல்கிறது?

ஏழைகளுக்கு வீடு கட்ட மத்திய அரசு 1985-ல் இந்திரா குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2016-ல் அது பிரதமரின் கிராமப்புறக் குடியிருப்புத் திட்டமாக மாறியது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநில அரசின் பங்கு 40 சதவீதம். வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி இருக்க வேண்டும். பயனாளிகளை 2011-ம் ஆண்டு சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தார்கள்.

இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட முடியாது என்பது தமிழக அரசுக்குத் தெரிந்தது. எனவே கூரைக்கென்று தனியாக 50,000 ரூபாய் சேர்த்து 1,70,000 ஆக்கியது. பின்னாளில் கூரைத் தொகையை 1,20,000 ஆக உயர்த்தியதால் மொத்தம் 2,40,000 ஆனது.

பணம் ஒரே தடவையில் கைக்கு வராது. பேஸ்மட்டம், லிண்டல், கூரை, வேலை முடிவு என்று ஒவ்வொரு கட்டமும் முடிந்து, போட்டோ எடுத்த பிறகுதான் பில் ஆகும். பணம் சரியாகச் செலவாக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. ஆனால் முதல் கட்டத்தை முடிக்கக் கையில் காசு வேண்டுமே! அது எங்கிருந்து வரும்?

எங்கள் வீட்டில் நடந்தது

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா விவசாயக் கூலி, அம்மா சித்தாள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது எனக்கு நான்கு வயது. எங்கள் குடிசையின் கூரை பக்கத்து வயலில் போய் விழுந்ததாக அம்மா சொல்வார். மறுபடியும் கீற்று வேய்ந்து அதிலேயே இருந்தோம்.

2019-ல் எங்களுக்கு வீடு வந்தது. இருந்த மனை ஒன்றுதான் என்பதால் குடிசையைப் பிரித்த இடத்திலேயே கட்ட வேண்டும். "பேஸ்மட்டம் போட்டாத்தாம்பா மொத பில்லு வருமாம்" என்று சொல்லி அப்பா 40,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினார். நாங்கள் சிதம்பரத்தில் 1,800 ரூபாய் வாடகையில் ஓர் அறைக்குக் குடிபோனோம். நாலு மாசத்துல திரும்பிடலாம் என்றார்கள்.

லிண்டல் வரை சுவர் எழும்பியது. 2020-ல் ஊரடங்கு வந்தது, கூலி வேலை நின்றது. வேலை திரும்பத் தொடங்கியபோது கம்பி, சிமெண்ட், எம்-சாண்டு எல்லாம் விலை ஏறியிருந்தன. சென்ட்ரிங் அடிக்கக் காசில்லாமல் சுவர் மழையில் நனைந்தபடி நின்றது. அம்மாவின் தோட்டை விற்றுக் கூரை போட்டு, 2022-ல்தான் குடிவந்தோம். கதவுக்குப் பதில் தகரம், பூச்சு இல்லாத சுவர். ஆனாலும் நம்ம வீடு!

இப்போது கணக்கைப் பாருங்கள். வாடகை 36 மாதத்துக்கு 64,800 ரூபாய். வட்டி மாதம் 1,200 வீதம் 43,200 ரூபாய். ஆக மொத்தம் 1,08,000. அரசு கொடுத்தது 1,70,000. அதைப் பெறுவதற்காக எங்கள் கையை விட்டுப் போனது 1,08,000. இதில் ஒரு செங்கல் விலைகூடச் சேரவில்லை.

எங்கள் மீதும் தவறு உண்டு. "இவ்வளவு பாடு படறோம், ஒரு ரூம் சேத்துப் போட்டுருவோம்" என்று அப்பா 270 சதுர அடியை 330 ஆக்கினார். 60 சதுர அடி ஆசையும் எங்களை லிண்டலில் நிறுத்தியது. அதை மறைப்பது சரியல்ல.

வெட்டு என்பது எது?

1,20,000 என்ற தொகை 2016-ல் முடிவானது. 2024-ல் மத்திய அமைச்சரவை 2029 வரை மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் தந்தபோதும் அதே 1,20,000-தான். யாரும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டு, 1,20,000-ஐ 1.05-ஆல் எட்டு முறை வகுத்துப் பாருங்கள். சுமார் 81,000 வரும். 2029 வரை, அதாவது 13 முறை வகுத்தால் சுமார் 64,000. உத்தரவே இல்லாமல் பாதி மானியம் கரைந்துவிடுகிறது!

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. பிரிட்டனில் வாடகை கட்ட முடியாதவர்களுக்கு அரசே வாடகை உதவி தருகிறது. 2013 ஏப்ரலில், அரசுக் குடியிருப்பில் இருப்பவர் வீட்டில் ஒரு படுக்கையறை கூடுதலாக இருந்தால் வாடகையில் 14 சதவீத அளவுக்கும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீத அளவுக்கும் உதவியை வெட்டினார்கள். சிறிய வீட்டுக்குப் போகட்டும் என்பது நோக்கம். போவதற்குச் சிறிய வீடுகள் போதுமான அளவு இல்லை. பலருக்கு வாடகைப் பாக்கிதான் ஏறியது. ஸ்காட்லாந்து அரசு தன் நிதியிலிருந்து அந்த வெட்டை ஈடுகட்டியது. இங்கே மத்திய அரசின் தொகை போதாமல் தமிழக அரசு கூரைக்குப் பணம் சேர்த்தது போலத்தான்.

அது கண்ணுக்குத் தெரிந்த வெட்டு. தெரியாத வெட்டும் அங்கே உண்டு. தனியார் வீட்டில் குடியிருப்போருக்கான உதவித் தொகையை 2016 முதல் 2020 வரை நான்கு ஆண்டுகள் உயர்த்தாமல் நிறுத்தி வைத்தார்கள். வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இத்தகைய மாற்றங்கள் வீடற்றோர் பெருகக் காரணமாகியிருக்கக் கூடும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017-ல் சொன்னது. அங்கே வாடகை உதவி, இங்கே கட்டுமான உதவி. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே.

என்ன செய்யலாம்?

தமிழக அரசு 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. இன்றைய விலைக்கு நெருக்கமாகத் தொகை வைக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. என் சிறிய அறிவுக்கு எட்டிய யோசனைகள் இவை:

1. மானியத்தை ஆண்டுதோறும் கட்டுமானப் பொருள் விலையோடு சேர்த்து உயர்த்த வேண்டும்.

2. முதல் தவணையைக் குடிசையைப் பிரிக்கும் முன்பே கொடுக்க வேண்டும். அப்போது வட்டிக்காரர் வாசலுக்குப் போக வேண்டாம்.

3. கட்டி முடியும் வரை ஆறு மாத வாடகையாவது தர வேண்டும். வீடு கட்டப் போனவர்கள் வீடில்லாமல் அலைவது கொடுமை.

4. சொந்த மனை இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். மனை இல்லையென்றால் கட்டுமான மானியத்தின் வாசலையே அவர்களால் மிதிக்க முடியாது. சிதம்பரத்தில் எங்கள் பக்கத்து அறையில் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். அவர்கள் திரும்ப இடமில்லை.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நம் தெருவில் மானிய வீடு கட்டுகிறவர்களுக்குக் கடக்கால் தோண்டும் முன்பே ஒரு நேர்மையான எஸ்டிமேட் போட்டுக் கொடுப்போம். எத்தனை சதுர அடியில் நிறுத்த வேண்டும் என்று சொல்வோம். லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால் ஏறக்குறைய கால் பங்கு செங்கல் மிச்சமாகும் என்று கொத்தனாரிடம் எடுத்துச் சொல்வோம். 2019-ல் எங்கள் அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. நானோ அப்போது ஏழாம் வகுப்பு.

போன மாதம் இந்தக் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "வட்டி மட்டும் நாப்பத்தி மூணாயிரமாடா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கதவுக்கு ஒரு எஸ்டிமேட் போடு" என்றார்.

போட்டுக்கொண்டிருக்கிறேன், நண்பர்களே!