யாக்கிமாவுக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கில் ஃபோர்-எச் என்ற சிறுவர் அமைப்பில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஸ்பானிஷ் சரளமாக வரும் என்றும் எழுதியிருந்தாய். எனக்குப் பயமே அதுதான்.

எனக்கும் சரளமாக வந்தது. முதல் வருஷம் நல்ல ஸ்பானிஷில் நோட்டீஸ் அடித்து, செப்டம்பரில், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தேன். வந்தவர்கள் இரண்டு பேர். ஆப்பிள் பறிப்பு மும்முரத்தில், பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் நான்கு மணிக்கு ஏணியை விட்டு இறங்குவாரா? நோட்டீஸை விட ரேடியோவை நம்பு. கிரேஞ்சரிலிருந்து 1979 முதல் ஸ்பானிஷில் ஒலிபரப்பாகும் கேடிஎன்ஏ இருக்கிறது. 'கதேனா' என்பார்கள், சங்கிலி என்று அர்த்தம்.

மறுவருஷம் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டோடு கூட்டம். முன்வரிசையில் ஒரு அம்மா, நான் சொன்னதற்கெல்லாம் "சி, சி" என்று தலையாட்டினார். படிவத்தை நீட்டியதும் பன்னிரண்டு வயது மகள் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அது ஸ்பானிஷ் இல்லை, மிஸ்தெக். மெக்சிகோவின் வஹாக்காவிலிருந்து வந்த குடும்பம். என் இருமொழி நிகழ்ச்சியின் இரண்டு மொழியும் அந்த அம்மாவுக்கு அந்நியம். படிவம் கேட்ட வருமானம், நோய்நொடி எல்லாம் அந்தப் பெண்ணின் வாய் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. பிள்ளையை அப்படி நடுவில் நிறுத்தாதே. பெரியவர் ஒருவரைத் தேடு, தொலைபேசியிலாவது. ஸ்பானிஷ் தெரியுமா என்று கேட்டால் எல்லாரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். ஊரில் பாட்டியோடு என்ன பேசுவீர்கள் என்று கேள்.

பெரியவர்களை 'ஊஸ்தெத்' என்றே கூப்பிடு. நம் 'நீங்கள்' போலத்தான். பள்ளிக்கூட ஸ்பானிஷ் படித்தவர்கள் எல்லாரையும் 'தூ' போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான கட்டம். அதைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். குடியேற்றக் காகிதம் இல்லை என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக்கூடாது என 1982-லேயே உச்ச நீதிமன்றம் ப்ளைலர் வழக்கில் தீர்ப்புச் சொல்லியாயிற்று. உன் படிவத்துக்கு மட்டும் எதற்கு அந்தக் கட்டம்? அடித்துவிடு.

அந்த மிஸ்தெக் பெண் கண்காட்சிக்கு ஒரு ஆட்டுக்குட்டி வளர்த்தாள். குட்டி முரண்டு பிடித்த ஒரு நாள், மிஸ்தெக்கா மலையில் ஆடு மேய்த்து வளர்ந்த அம்மா வேலியைத் தாண்டி உள்ளே வந்து, தாடையடியில் கைகொடுத்து நிறுத்திக் காட்டினார். மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அம்மா சொல்லச் சொல்ல மகள் மொழிபெயர்த்தாள். அன்றைக்கு நான் தடுக்கவில்லை.

அன்புடன்,
அண்ணன்