அரக்கோணத்துக் குரல்

கேள்வி: ஆண்ட்ரியா பாடகியா, நடிகையா? எதில் அவர் உயர்ந்து நிற்கிறார்?
– வாசகி, திருத்தணி

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்து அரக்கோணத்தில் பிறந்தவர் ஆண்ட்ரியா ஜெரேமையா. 2005-ல் 'அந்நியன்' படத்தில் பாடினார். 2007-ல் 'பச்சைக்கிளி முத்துச்சர'த்தில் சரத்குமாரின் மனைவியாக நடித்தார். இடையே 'வேட்டையாடு விளையாடு' கமலினி முகர்ஜிக்கு டப்பிங் பேசியதும் அவர்தான். இன்னொரு நடிகையின் உதட்டசைவுக்குள் நின்று உணர்ச்சியைக் கொண்டுவரும் அந்த வேலை லேசானதல்ல.

நான் நடிப்புக்கே ஓட்டுப் போடுவேன். 'வடசென்னை' (2018) சந்திராவைப் பாருங்கள். கணவனைக் கொன்ற கூட்டத்திலேயே ஒருவனை மணந்துகொண்டு, பழியை நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருக்கிறாள். கத்தல் இல்லை, மாரடிப்பு இல்லை. கண்ணே எல்லாம் சொல்லிவிடுகிறது. 'தரமணி'யில் ஐ.டி. வேலை பார்க்கும் ஆங்கிலோ இந்தியத் தாயாக, தன் சமூகத்துப் பெண்ணையே கேலியில்லாமல் திரைக்குக் கொண்டுவந்தார். தமிழ் சினிமா அந்தச் சமூகத்துப் பெண்களை எப்படியெல்லாம் காட்டியிருக்கிறது என்று யோசித்தால் அதன் அருமை புரியும்.

பாட்டை விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். 'புஷ்பா'வின் (2021) 'ஊ சொல்றியா' தமிழில் அவர் குரல். தெலுங்கில் இந்திராவதி சௌஹான். இரண்டு மொழியும் புழங்கும் ஊர் உங்களுடையது. இரண்டையும் கேட்டுவிட்டு எது பிடித்தது என்று எழுதுங்கள்.